கட்டிப்போட்ட ராட்டினம்

கீனக்கந்தைத் தோட்டத்துக்கு விளையாட்டுத் திடல் வந்தது தைப்பொங்கல் கழிந்த கையோடு. மாசி பிறப்பதற்குள் அதைக் கட்டிப்போட்டாகிவிட்டது. கட்டிப்போட்டது தோட்டத்தை நடத்துகிற தொரையும் இல்லை, போலீசும் இல்லை. தோட்டத்து ஜனங்களேதான். தானாக வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைப்பதில் நம் ஆட்களுக்கு இணை நம் ஆட்களே.

யுத்த நிறுத்தம் இருந்த வருஷம் அது. வெளிநாட்டுக் காசில் ஏதோ ஓர் உதவி நிறுவனம், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்துப் புல்தரையில் கம்பிவேலி அடித்து, ஒரு சறுக்கும் இரண்டு ஊஞ்சலும் நட்டு, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சுற்று ராட்டினத்தையும் வைத்துவிட்டுப் போனது. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சறுக்கு, பாக்கு மட்டையில் குந்திக்கொண்டு மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் ஓடுகிற தேயிலைக் கானுக்குள் போய் விழுவதுதான். றக்வானை டவுன் பக்கம் பஸ்ஸில் போகும்போது அங்கிருக்கிற சிறுவர் பூங்காவைக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு, அது மலையேறி அவர்கள் குடியிருக்கிற லயத்து வாசலுக்கே வந்தது என்றால் சும்மாவா? திறந்த அன்று வரிசை என்றார்கள், ஒழுங்கு என்றார்கள். யார் கேட்டது? விஜயகலாவின் மகள் ஷாமிளா, ஒன்றாம் வகுப்புக்காரி, எல்லோரையும் இடித்துக்கொண்டு போய் ராட்டினத்தில் முதல் ஆளாக ஏறிவிட்டாள்.

அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது அதே ஷாமிளா கை நழுவி விழுந்தாள். வாய் இரும்புக் கம்பியில் இடித்து முன்பல் ஒன்று தெறித்தது. கம்பியெல்லாம் ரத்தம். எப்படியும் விழப்போகிற பால்பல், ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த பல். ஆனால் அன்று சாயந்தரமே ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெரிய மெஷினின் பெல்ட் அறுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விஜயகலா அப்படித்தான் நினைத்தாள். தோட்டம் அப்படி நினைக்கவில்லை.

மலையில் மெஷின் ஓடுகிற இடமெல்லாம் ரோதை முனி இருப்பார். ரோதை என்றால் சக்கரம். சுற்றுகிற எதுவும் அவருக்குச் சொந்தம். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். மெஷின் கரண்டில் ஓடுகிறது என்று தொரை நினைத்துக்கொள்ளட்டும், முனி விட்டால்தான் ஓடும் என்பது வேலை செய்கிறவனுக்குத் தெரியும். ஆடியில் எல்லா மெஷினையும் நிறுத்தி, சந்தனம் பூசி, ஆடு வெட்டுவார்கள். புது மெஷின் வந்தாலும் புது லொறி வந்தாலும் ரத்தம் காட்டாமல் ஓட்டமாட்டார்கள். இந்த ராட்டினத்துக்கோ யாரும் ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. ரிப்பன் வெட்டினார்கள், பணிஸும் சோடாவும் கொடுத்தார்கள், போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் முனியின் பூசாரி காத்தமுத்து வந்து ராட்டினத்தைச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். "ரத்தம் பட்டிருச்சு. பூசை இல்லாம ஓட்டுன ரோதை. ஆடி வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்று சொல்லி, வேப்பிலையைச் செருகி, கொழுந்துச் சாக்குக் கட்டுகிற கயிற்றால் ராட்டினத்தை வேலித்தூணோடு சேர்த்துக் கட்டினார். கட்டியது ராட்டினத்தை மட்டும்தான். ஆனால் ஊஞ்சலும் சறுக்கும் அதே வேலிக்குள் அல்லவா இருக்கின்றன? ஒரு தாயும் தன் பிள்ளையை உள்ளே விடவில்லை.

பழியை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டுமே. அது ஷாமிளாவின் தலையாகப் போனது. பூசை போடாத ரோதையில் முதலில் ஏறியது யார்? அவள். ரத்தம் சிந்தி முனியைக் கிளப்பிவிட்டது யார்? அவள். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வாங்கில் உட்காரப் பிள்ளைகள் மறுத்தார்கள். தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கப் போனால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் வாயாடுகிற பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்குள்ளேயே கிடந்தாள். பல் இல்லாத இடத்தை மறைக்கத்தான் கையை வைக்கிறாள் என்று விஜயகலா முதலில் நினைத்தாள். இல்லை, பிள்ளைக்குப் பேச்சே குறைந்துகொண்டு வந்தது.

விஜயகலாவின் புருஷன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் மூட்டை தூக்கினான், மாதத்துக்கு ஒரு தரம் வருவான். ஆகவே சண்டை பிடிப்பதும் அவள்தான், சமாதானம் ஆவதும் அவள்தான். "சின்னப் புள்ளைங்க பேச்சு, நாலு நாள்ல மறந்துரும்" என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பங்குனி பிறந்தும் யாரும் மறக்கவில்லை.

அப்போதுதான் ஜெஸீமா மிஸ் வந்தார். உதவி நிறுவனத்துக்காக மாதாமாதம் தோட்டங்களைப் பார்த்துப் போகிறவர், கஹவத்தைக்காரர், சின்ன வயசு. போன மாதமும் கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார். இந்த முறை விஜயகலாவைத் தேடிக்கொண்டு கொழுந்து மலைக்கே ஏறி வந்துவிட்டார்.

"அக்கா, நான் சொல்லாம இரிக்க ஏலா" என்றார், மூச்சு வாங்க. "வெள்ளிக்கிழமை லொறி வருது. எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போய் வேற தோட்டத்துல பூட்டச் சொல்லி மேல இருந்து ஓடர். புள்ளைகள் விளையாடாத சாமான இங்க எதுக்கு வச்சிருக்கீங்க எண்டு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ற?"

"ஊஞ்சல், சறுக்கு எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

விஜயகலா கையிலிருந்த கொழுந்தைச் சாக்கில் போட்டாள். "வெள்ளிக்கிழமை நீங்க வரக்குள்ள புள்ளைங்க அதுல வெளையாடிக்கிட்டு இருந்தா?"

"அப்பிடி இரிந்தா லொறியத் திருப்பி அனுப்புறது என்ட பொறுப்பு. ராட்டினமும் சுத்தணும் ஆனா. அதுதான் விலை கூடின சாமான்."

சாயந்தரம் அவள் காம்பராவுக்குப் போவதற்கு முந்தியே செய்தி போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? ஷாமிளா அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கெழம எல்லாத்தையும் கொண்டுபோறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். என்னாலதானாம்." பிள்ளை தலையைத் தூக்கவில்லை. "நான் பெரிய ஆளானப்புறமும் அப்பிடித்தான் சொல்லுவாங்களாம்மா?"

விஜயகலா பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லத்தான் போகிறார்கள். இந்தத் தோட்டத்தை அவளுக்குத் தெரியாதா? அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாரியம்மன் விளக்கைத் தட்டிவிட்ட ஒருத்தியை, அவளுக்குக் கலியாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் 'வெளக்கவிச்சவ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரும்புச் சாமான் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் லொறி அதை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிய மறு நிமிஷத்திலிருந்து, தன் மகள் ஆயுசுக்கும் 'ராட்டினத்தத் தொலைச்சவ'தான். பிள்ளையின் முகத்தை நிமிர்த்திச் சொன்னாள்: "கொண்டுபோக மாட்டாங்க. நான் இருக்கேன்ல."

சொல்லிவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

முதலில் பக்கத்துக் காம்பரா இருளாயியிடம் போனாள். தோட்டத்துப் பெண்களில் பாதிப்பேர் இருளாயி தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். இருளாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க. வெள்ளிக்கெழம காலையில புள்ளைங்கள உள்ள விடச் சொல்லுங்க."

"அடி ஆத்தே! ஏன்டி, எம்மவன் கையக் கால முறிச்சிக்கிட்டுக் கெடக்கணுமா?"

"ஆடிக்குள்ள ராட்டினமே போயிருமேக்கா."

"போகட்டும். அது இல்லாம நாமெல்லாம் வளரலையா?" இருளாயி ரொட்டியைக் கல்லில் போட்டாள். "ஒம்மவ அன்னைக்கு முந்திக்கிட்டு ஓடாம இருந்திருந்தா இம்புட்டும் இல்ல. சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன்."

சொல்லக்கூடாது என்று பார்த்தவள் அதை ஊரெல்லாம் சொல்லித்தான் இருந்தாள். விஜயகலாவுக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

அடுத்து காத்தமுத்துப் பூசாரி. ஸ்டோரில் அரைக்கிற மெஷினில் வேலை செய்கிறவர், உடம்பெல்லாம் எந்நேரமும் தேயிலைத் தூள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. பூசையைத் தள்ளிப்போட்ட ஒரு வருஷம் மெஷின் பிடுங்கிக்கொண்டது என்பார். மனுஷன் ஏமாற்றுப் பேர்வழி இல்லை, உண்மையாகவே பயந்தவர். பயந்தவனோடு வாதாடுவதுதான் கஷ்டம்.

"ஒரு கோழிய வச்சாவது இப்பவே பூசையப் போட்டுருங்க மாமா. நான் வாங்கித் தர்றேன்."

"ஓட்டுறதுக்கு முந்தின்னா எப்பவும் வைக்கலாம். முனி கோவிச்ச பொறவு பூசை ஆடியிலதான் புள்ள. நெனச்ச நேரம் சாமியக் கூப்புட முடியுமா? அதுவும் ஒரு பொம்பளை வந்து கேட்டான்னு?" அவர் விரலில்லாத கையை விரித்துக் காட்டினார். "எனக்குக் காட்டுனது போதும். சின்னஞ்சிறுசுகளுக்கு வேணாம். போயிட்டு வா."

வியாழக்கிழமை முழுக்க அவள் கை கொழுந்து பறித்தது, மனம் பறிக்கவில்லை. யார் யாரையோ கேட்டாள். பிள்ளைக் காம்பரா ஆயா உதட்டைப் பிதுக்கினாள். கணக்கப்பிள்ளை, சாமி விஷயத்தில் தான் தலையிடுவதில்லை என்றார். கோயில் கமிட்டித் தலைவர், இது முனி சங்கதி, மாரியம்மன் சங்கதி இல்லை என்று நழுவினார். எல்லோருக்கும் பிள்ளைகள் விளையாட வேண்டும், ஒருவராலும் முதல் ஆளாக நிற்க முடியாது.

"சரி" என்று விஜயகலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஒருத்தரும் வேணாம்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. மற்றப் பெண்கள் அங்கே நின்று வேலை எந்த மலையில் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஷாமிளாவுக்குப் பள்ளிச் சட்டையைப் போட்டு, தலையை வாரிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நேரே திடலுக்கு வந்தாள். பிள்ளை வேலியடியில் நின்றுவிட்டது.

"நான் உள்ள வரமாட்டேன்."

"வரவேணாம். இங்கேயே நின்னு பாரு."

கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ராட்டினத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தாள். மழையும் வெயிலும் பட்டு முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது, விடவில்லை. கடைசியில் கொழுந்துக் காட்டுக் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துக் கயிற்றை அறுத்தாள். காய்ந்த வேப்பிலை சொரசொரவென்று உதிர்ந்தது.

"ஐயய்யோ! அறுத்துட்டா! அறுத்துட்டா!"

இருளாயியின் குரல்தான். பெரட்டிலிருந்து மலைக்குப் போகிற பாதை திடலை ஒட்டித்தான் போகிறது. சாக்கும் இடுப்பில் கட்டிய படங்குமாக வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகளும் நின்றார்கள். யாரோ ஒருவன் காத்தமுத்துவைக் கூப்பிட ஸ்டோருக்கு ஓடினான். கங்காணி வந்து "வேலைக்குப் போங்க, வேலைக்குப் போங்க" என்று கத்திப் பார்த்துவிட்டு, அவரும் வேடிக்கை பார்க்க நின்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் லொறியும் ஏறி வரவேண்டுமா? வந்தது. முன்னால் திரீவீல் ஆட்டோவில் ஜெஸீமா மிஸ். லொறியிலிருந்து இரண்டு ஆட்கள் நட்டுக் கழற்றுகிற பெரிய சாவியும் கம்பியுமாகக் குதித்தார்கள். டிரைவர் சிங்கள ஆள். ராட்டினத்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, "மிஸ், கலவமுத? கழட்டவா?" என்று கேட்டார்.

ஜெஸீமா மிஸ் விஜயகலாவைப் பார்த்தார். ராட்டினம் சும்மா நிற்கிறது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்" என்றாள் விஜயகலா.

காத்தமுத்து வந்தார். இரவு வேலை முடிந்து அப்படியே ஓடி வந்திருந்தார், கண் சிவந்து, தலையெல்லாம் தூள். அறுந்த கயிற்றைக் குனிந்து கையில் எடுத்தார்.

"என்ன காரியம் புள்ள செஞ்ச? முனி கட்ட அறுக்க நீ யாரு?"

விஜயகலாவுக்கும் பயம்தான். அவளும் முனிக்குப் பயந்து வளர்ந்தவள்தானே. ஆனால் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மகளைப் பார்த்தாள். பயம் இருந்த இடத்தில் இருந்தது, வாய் தன் வேலையைத் தொடங்கியது.

"ஏசுங்க மாமா, வாங்கிக்கிறேன். அதுக்கு முந்தி ஒண்ணக் கேக்குறேன், முனி மேல சத்தியமா சொல்லுங்க. புது ரோதை வந்தா முனி என்ன கேப்பாரு?"

"ரத்தம் கேப்பாரு. வேறென்ன கேப்பாரு?"

"எவ்வளவு?"

"அதுக்கென்ன அளவு? ஸ்டோருக்கு ஆடு. லொறிக்குச் சேவல். கிளாக்கரய்யா மோட்டார் சைக்கிளுக்குக் கோழிக்குஞ்சுதான். ஒரு சொட்டு அந்த ரோதை மேல படணும். பட்டா முனி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்."

"யாரு குடுக்கணும்?"

"அந்த ரோதையில பொழங்குறவங்கதான் குடுக்கணும். ஸ்டோருக்கு ஸ்டோராளு, லொறிக்கு டிரைவரு."

"குடுத்தவங்களுக்கு என்ன மரியாதை?"

பூசாரிக்கு இது தெரிந்த பாடம். அத்தனை பேர் முன்னால் கேட்டதும் குரல் தானாக நிமிர்ந்தது. "மொத விபூதி அவங்களுக்கு. மொதல்ல அந்த ரோதையில கைய வைக்கிறவங்களும் அவங்கதான். எங்கப்பன் காலத்துலயிருந்து அதான் மொறை."

விஜயகலா ராட்டினத்தின் கம்பியில் கையை வைத்து ஓங்கித் தட்டினாள்.

"அப்ப அன்னைக்கு இந்தக் கம்பியில ஓடுனது என்ன மாமா? தக்காளிச் சாறா?"

அவள் கம்பியை விடவில்லை.

"ஒரு சொட்டு போதும்னீங்க. எம்புள்ள வாய் நெறையக் கொட்டுனா. பல்லோட சேத்துக் குடுத்தா. நீங்கதானே மறுநாள் வந்து பாத்துட்டு ரத்தம் பட்டிருச்சுன்னு சொன்னீங்க? பட்டுச்சா, இல்லையா?"

"பட்டுச்சு..."

"பட்டா ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது பூசையில குடுத்ததில்லையேடி!" இருளாயி வெளியிலிருந்து கூவினாள். "அது தானா விழுந்த ரத்தம்!"

"ஆமாக்கா, ஆடு மட்டும் வருசா வருசம் வெத்தலை பாக்கு வச்சு, இந்தாங்க வெட்டுங்கன்னு கழுத்த நீட்டுதாக்கும்?"

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். விஜயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் விழுங்கி வைத்ததெல்லாம் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

"இந்தத் தோட்டத்துப் புள்ளைங்க அத்தனைக்கும் சேத்துக் குடுக்க வேண்டியத எம்மவ ஒருத்தி குடுத்தா. மாலை போடவேண்டிய புள்ளைய நீங்க எல்லாரும் வாங்குலகூட சேத்துக்கல. பீலியில ஒதுக்குனீங்க. பேசிக்கிட்டுத் திரிஞ்ச புள்ள, வாயப் பொத்திக்கிட்டு மூலையில கெடக்குது. இல்ல, ரத்தத்த வாங்கிட்டும் முனிக்குப் பத்தலை, இன்னும் வேணுமாம்னா சொல்லுங்க பூசாரி மாமா. வாங்கிட்டு வாங்கலைன்னு சொல்ற சாமியா அவரு? சொல்லுங்க, நானே கயித்தக் கட்டுறேன். மிஸ் ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

லொறி ஆள் கையிலிருந்த சாவியைத் தோளுக்கு மாற்றினான். பூசாரி கம்பி அருகே போய்க் குனிந்து பார்த்தார். மழை கழுவியது போக, கம்பிகள் பூட்டிய இடுக்கில் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது ரத்தமோ துருவோ, முனிக்குத்தான் வெளிச்சம். அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வேலிப்பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளைய இங்க வரச்சொல்லு."

ஷாமிளா அசையவில்லை. விஜயகலா போய் இழுக்கவும் இல்லை. இழுத்துக்கொண்டு வந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. சும்மா நிற்பதுதான் அன்று அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை. காத்தமுத்துவே நடந்து போனார். மடியிலிருந்து விபூதியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, பிள்ளைக்கு முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்.

"மொத விபூதி ஒனக்குத்தான் தாயி" என்று நெற்றி நிறையப் பூசினார். "மொறை தெரிஞ்ச நானே மறந்துட்டேன். வா, வந்து ஏறு."

பிள்ளை வாயைப் பொத்திய கையை எடுக்காமலே கேட்டது: "ஏறுனா முனி மறுபடியும் கடிப்பாரா தாத்தா?"

"ஒன்னையா?" காத்தமுத்து தலையை ஆட்டினார். "ஒங்கிட்ட அவரு கடன்பட்டுல்ல இருக்காரு. ஒன்னக் காப்பாத்துறதுதான் இனி அவரு வேலை."

ஷாமிளா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கேற்றைத் தாண்டி உள்ளே வந்து, ராட்டினத்தில் ஏறி, இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தள்ளத்தான் ஒருவரும் முன்வரவில்லை. காத்தமுத்து ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். விரல் குறைந்த அந்தக் கையைக் கம்பியில் வைத்து, தானே மெல்லத் தள்ளினார். ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு சுற்று. ஒன்றும் ஆகவில்லை.

வேலிக்கு வெளியே புத்தகப் பை ஒன்று பொத்தென்று கீழே விழுந்தது. அடுத்தது இன்னொன்று. இருளாயி "டேய், டேய்" என்று கத்தக் கத்த அவள் மகனே கேற்றுக்குள் முதலில் ஓடினான். ஊஞ்சல் ஒரு பக்கம், சறுக்கு ஒரு பக்கம், அதுவரை அடைத்து வைத்திருந்த கூச்சலெல்லாம் ஒன்றாக உடைத்துக்கொண்டு கிளம்பியது. ஜெஸீமா மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவரிடம், "யன்ன, யன்ன, நீங்க போங்க" என்று கையசைத்தார். விஜயகலா ஊஞ்சல் தூணில் சாய்ந்து நின்று, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, விம்மி விம்மி அழுதாள்.

நாலைந்து பிள்ளைகள் ராட்டினத்தைச் சுற்றி ஓடிக்கொண்டு, தங்களையும் ஏற்றச் சொல்லிக் கத்தினார்கள். வயசான மனுஷன், இரவு முழுக்க வேலை செய்த உடம்பு, காத்தமுத்து மூச்சிரைக்க வேகத்தைக் குறைத்து, அவர்களை ஏற்றிக்கொள்ள நிறுத்தப்போனார்.

"நிப்பாட்டாதீங்க தாத்தா!" என்று ஷாமிளா தோட்டத்துக்கே கேட்கக் கத்தினாள். "இன்னும் வேகமா! நான் சொல்லும்போது நிப்பாட்டுனாப் போதும்!"

பூசாரி மறுபேச்சுப் பேசாமல் தள்ளினார்.